ஓடுற குழம்பு

குழம்புக்குப் பதம் தான் மேடம் எல்லாம். கரண்டியத் தூக்குனா அதோட முதுகுல ஒட்டிகினு இருக்கணும். ஓரத்துல எண்ணெ பிரிஞ்சி நிக்கணும். திருப்போரூர்ல எங்கம்மா வூட்டுல அப்படித் தான். தண்ணியாப் போச்சுன்னா பொட்டுக்கடலைய அரைச்சு ஊத்தி, சின்னத் தீயில வுட்டாப் போதும். பெரிய வித்தை ஒண்ணும் கெடயாது.

படாளத்துல வாக்கப்பட்டேன். என் வூட்டுக்காரரு துரைக்குக் குழம்பு ஓடணும். நான் பதமா எறக்கி வெப்பேன், அந்தாளு சொம்புல தண்ணி மொண்டுகினு வந்து சட்டியில ஊத்துவாரு. "இன்னாடி இது, சுவத்துக்குப் பூசவா?"ம்பாரு. அப்புறம் சோத்துல குளம் கட்டி, உறிஞ்சி உறிஞ்சித் துன்னுவாரு. குழம்பு முழங்கை வரைக்கும் வழியும். அத நாக்கால நக்குவாரு. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் குமட்டும். அவரு எதுர உக்காந்து நான் ஒருநாளும் துன்னது இல்ல.

போன தையில அவருக்குப் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கமா இழுத்துகிச்சு. டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்ட்டு சொன்னாங்க. "தண்ணியா எதையும் குடுத்துடாதீங்கம்மா. வயித்துக்குப் போவாம நுரையீரலுக்குப் போயிடும். உயிருக்கே ஆபத்து. எல்லாத்தையும் கெட்டியாக் கொழைச்சு ஊட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு மேடம். கடைசியில என் பதத்துக்கு வந்தாரேன்னு. அப்படியே தான் ஊட்டுனேன். கோணவாயில அதக்கி வெச்சிகினு, என் மூஞ்சியப் பாத்து, பொளிச்சுன்னு துப்புவாரு. எச்சி கலந்த குழம்பு ஜாக்கெட்டுக்குள்ள எறங்கும். எவ்ளோ சோப்பு போட்டாலும் அந்த நாத்தம் போவாது. 

அவரு தங்கச்சி ஆராயி கருங்குழிலேர்ந்து பாக்க வந்தா. அண்ணன்னா அவளுக்கு உசுரு. தட்டப் பாத்துட்டு, "இன்னா அண்ணி, களி மாதிரி கீது. எங்கண்ணனுக்கு ஓடுனாத் தான புடிக்கும்?"னா.

"நாளைக்கு அப்படியே வெக்கிறேன்"னேன்.

வெச்சேன். கருவாட்டுக் குழம்பு, புளித்தண்ணி தாராளமா, பொட்டுக்கடலை இல்லாம. "நீயே ஊட்டு ஆராயி, உன் கையால துன்னா அவருக்குச் சந்தோசம்"னேன். அவ ஸ்பூன் ஸ்பூனா ஊட்டுனா. அவரு துப்பவே இல்ல. இருமுனாரு. "காரம், ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லிட்டு அடுப்பு மேடையத் துடைச்சிகினு இருந்தேன். அவ இருந்த வரைக்கும் தெனம் அதே குழம்பு தான். அப்புறம் சொரம் கண்டுச்சு, நெஞ்சு கொர்கொர்னு இழுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுனோம். அங்கியே போயிட்டாரு.

"தண்ணியாக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னோமே, யாரு குடுத்தது?"ன்னு அங்க கேட்டாங்க. ஆராயி அப்படியே தரையில வுழுந்துட்டா. நான் அவரு துணிமணிய மூட்டை கட்டிகினு இருந்தேன். "எங்கண்ணன நானே கொன்னுட்டேன்"னு காரியம் வரைக்கும் தலையில அடிச்சிகினு கெடந்தா. இங்க ஸ்டேஷன்ல உங்ககிட்ட வந்தும் அதத் தான் சொன்னாளாமே.

பாவம், அவள வுட்ருங்க மேடம். டாக்டரம்மா சொன்னது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சு தான் வெச்சேன்.

ஆனா ஒண்ணு எழுதிக்கோங்க. அந்தக் குழம்ப ஒரு வாய் கூட நான் ஊட்டல. எனக்குக் குமட்டுனாலும், அவருக்குப் புடிச்ச மாதிரி ஆக்கிப் போட்டேன். எந்தப் பொண்டாட்டி அதச் செய்வா?