ஒம்பது கிலோ போன வழி

…பழுதான மெஷின வச்சுக்கிட்டு என்னையப் பொய்யன்னு சொல்றாருங்க அந்த டாக்டர். கேஸட்டு சத்தத்துல நான் பேசுறது கேக்குதுங்களா? பதுளையில பஸ் ஏறுனதுலருந்து யோசிக்கிறேன், போடுறதா வேணாமான்னு. இந்தா, சட்டைப் பையிலதான் கெடக்கு. ஆம்பளைச் சுரப்பு ஊசி. டெஸ்டோஸ்டிரோனாம், வாயில நுழையாத பேரு. ஜிம்மு மாஸ்டர் குடுத்தாரு.

நான் தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளைங்க. தீவாளிக்குத் தைச்ச கால்சட்டை தைப்பூசத்துக்கு ஏறல. பொஞ்சாதி விஜயலெட்சுமி சிரிச்சுட்டா. அன்னைக்கே ரொட்டிய நிப்பாட்டுனேன். ஞாயித்துக்கெழம ஜிம்மு, மத்த நாள்ல வீட்டுக்குப் பின்னால உர மூட்டை. தூக்கி எறக்கி, தூக்கி எறக்கி… முதுகு போச்சு.

தொடங்கயில பஸ் ஸ்டாண்டு எடை மெஷின்ல தொண்ணூத்தி நாலு கிலோ. அதுக்குப் பெறகு எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்குற மடுவத்துத் தராசுதான். மூணே மாசத்துல எண்பத்தஞ்சு. அதுலயும் மழை நாள்ல நல்லா எறங்குதுங்க. குளிருக்குக் கொழுப்பு கரையும்போல. ஆனா வயிறு மட்டும் அப்படியே நிக்குது. மாஸ்டர் யோசிச்சாரு. எடை எறங்குது, வயிறு எறங்கல, அப்ப கரையிறது சதைதான், சுரப்பு வத்திப்போச்சு, ஊசி போடுன்னாரு. நியாயந்தானே?

விஜயலெட்சுமி விடல. டாக்டர் தனேஸ்வரன்கிட்ட கேட்டுட்டுப் போடுன்னுட்டா. அவரு யாழ்ப்பாணத்து ஆளு. ரத்தம் எடுத்தாரு, இன்னைக்கு முடிவு. "உமக்குச் சுரப்பில ஒரு குறையும் இல்லை. தேவையில்லாமப் போட்டா உடம்பு தானாச் சுரக்கிறதை நிப்பாட்டிப்போடும். எங்க, இந்த மெஷின்ல ஏறும்"ன்னாரு. ஏறுனேன். தொண்ணூத்தி நாலு.

ஒரு கிராம் எறங்கலையாம். ரொட்டிய விட்டவன் நான், மூட்டை தூக்குனவன் நான். "எந்தத் தராசில பார்த்தனீர்?"ன்னாரு. சொன்னேன். "அங்க நிறுக்கேக்க ஏதும் கழிப்பீங்களோ?"ன்னாரு.

கழிப்போங்க. சாக்குக்கு ரெண்டு கிலோ, முத்தல் எலைக்கு ரெண்டு, மழைன்னா தண்ணிக்கு அஞ்சு. தராசுல எது ஏறுனாலும் கழிச்சுத்தான் சொல்லணும்னு நிறுக்குற அழகருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அவரு எனக்கு மூத்தவரு, ஆனா சொன்ன சொல்லத் தட்ட மாட்டாரு. அதுதான் எனக்கு வெனையாப் போச்சு.

ஒருக்கா கழிக்காம நிறுத்துப் பாருங்கறீங்க. பாக்கலாம். ஆனா தராச எடுக்குறதே கொழுந்து நிறுக்கயிலதான். நாப்பது பொம்பளைங்க வரிசையில நிப்பாங்க. மொத ஆளா கருப்பம்மா நிப்பா. பதினோரு வருசமா "கணக்கப்பிள்ளை ஐயா, கூடை கனக்குது, எடை மட்டும் கொறையுதே"ன்னு கேக்குறவ. நானும் பதினோரு வருசமா "தராசு பொய் சொல்லாது ஆத்தா"ன்னு சொல்லிக்கிட்டு வர்றேன். அவ காதுபட, "அழகரு, எனக்கு மட்டும் கழிக்காம நிறுங்க"ன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க சொல்றது?

என்னங்க, பைய எடுக்குறீங்க? இது தெமோதரைதானே, நீங்க எறங்குறது அப்புத்தளைன்னுல்ல சொன்னீங்க. சரி, சரி, போங்க. எறங்க முந்தி ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போங்க. இந்த ஊசிய கையில போடுறதா, இடுப்புல போடுறதா?