கவின் தூங்கிய காலை

மீனா விசிலடிக்கிறாள். வாயால் அல்ல. நெஞ்சால்.

கார் செம்பனைக் காட்டுக்குள் ஓடுகிறது. மண்பாதை. குழி. மறுபடியும் குழி. என் மடியில் நாலு வயது மகள். மூச்சை இழுக்கும்போது ஒரு நீண்ட விசில். விடும்போது கரகரப்பு. முடிவில் ஒரு சின்ன முனகல். ஒவ்வோர் இழுப்புக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்வாங்கிக் குழி விழுகிறது. அந்தக் குழியின் மேல் என் கையை வைத்திருக்கிறேன். கை வைத்தால் நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வேறெங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முன்னால் பழக்குலை ஏற்றிய லோரி. அசைந்து அசைந்து போகிறது. என் கணவர் குணா ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துகிறார்.

"ஓரம் போ! பிள்ள இருக்கு! ஓரம் போ!"

லோரி ஒதுங்கியது. சேறு கண்ணாடியில் அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் புகை. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். மேலே போகாமல் மரங்களின் இடுப்புயரத்தில் படுத்துக் கிடந்தது. அதற்குள் எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடுகள். அதற்குள் எங்கள் வீடு. பக்கத்து வீட்டில் செல்வி. செல்வியின் மகன் கவின், ஐந்து மாதக் குழந்தை. அவனும் அன்று எங்களோடு காரில் வந்திருக்க வேண்டியவன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் போர் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெடிச் சத்தம் கேட்டோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எதிரியின் முகத்தை இன்றுவரை பார்க்கவில்லை. இதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள். மாற்றிக்கொள்கிறேன்.

எங்கள் தோட்டம் பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே இருக்கிறது. தோட்டம் என்பது பெயருக்குத்தான். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிறது. வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். நாங்கள் வேலை இல்லாமல் லயத்து வீடுகளில் மட்டும் மிஞ்சினோம். குணாவுக்கு ஈப்போவில் டயர் கடையில் வேலை. எனக்கு ஜெலாப்பாங்கில், பிஸ்கட் தொழிற்சாலையில். பொட்டலம் கட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பேன். நாள் முழுக்கச் சத்தம். சத்தம் இருக்கும்வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சத்தம் நின்றால்தான் சூப்பர்வைசர் ஓடி வருவார். இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை.

செல்விக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அவள் கணவன் லூமுட்டில் கப்பல் பட்டறையில் ஒப்பந்த வேலை செய்கிறான். வாரக் கடைசியில்தான் வருவான். கவின் அவளுக்குத் தவமிருந்து பிறந்த பிள்ளை. அவன் அங்கே அழுதால் எனக்கு இங்கே பால் சுரக்கிறது என்று கேலி செய்வேன். அவ்வளவு சத்தக்காரன். லயமே விழித்துக்கொள்ளும்.

தீ எப்படி வந்தது?

லயத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதில் யாரோ குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். தார்ப்பாய் மூடிய லோரிகள். எண் பலகையில் சேறு. கேபிள் வயர், பிளாஸ்டிக், பழைய டிவி, மெத்தை. செம்பை எடுக்க வயரை எரித்தார்கள். ஒரு நாள் பள்ளமே தீப்பிடித்தது. முதலில் பட் பட் என்று டப்பாக்கள் வெடித்தன. பிறகு ஒரு பெரிய டப். தகரக் கூரை அதிர்ந்தது. சாமி படம் ஆணியிலிருந்து விழுந்தது. மீனா கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

தீயணைக்க பொம்பா வண்டி வந்தது. தண்ணீர் அடித்தார்கள். மேலே அணைந்தது. அடியில் கனன்றுகொண்டே இருந்தது. அதிகாரிகளிடம் புகார் கொடுத்தோம். வந்தார்கள். படம் எடுத்தார்கள். எங்களையும் நிற்க வைத்து எடுத்தார்கள். போனார்கள். புகை இருந்தது.

அதோடு சளிக்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தது. பிறகு எல்லாருக்கும் வந்தது. காலையில் லயத்தில் சேவல் சத்தம் கேட்காது. இருமல் சத்தம்தான் கேட்கும். எந்த வீட்டுப் பிள்ளை என்று இருமலை வைத்தே சொல்லிவிடுவோம். கிளினிக்கில் சிரப் கொடுத்தார்கள். குடித்தார்கள். இருமினார்கள்.

கடைசி வீட்டில் சரோஜா அக்கா. அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் பிள்ளைகள். கைக்குழந்தை எந்த வீட்டில் இருந்தாலும் குளிப்பாட்ட அவர்தான் வருவார். பிளாஸ்டிக் நாற்றம் பொறுக்காமல் அவர்தான் முதலில் தூபக்காலை எடுத்தார். கரி. அதன் மேல் சாம்பிராணி. காலையும் மாலையும் வீடு வீடாக வந்தார். கதவைச் சாத்தினோம். ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்தோம். அடைத்துவிட்டு உள்ளே புகை போட்டோம். வெளியே குப்பைப் புகை. உள்ளே சாமிப் புகை. நடுவில் பிள்ளைகள். அன்றைக்கு எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. நல்ல வாசனை வந்தது. நெஞ்சு நிறைய இழுத்தேன். மீனாவையும் இழுக்கச் சொன்னேன்.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. தலைக்கு எண்ணெய். இளஞ்சூட்டில் குளியல். துண்டில் சுற்றிச் சாம்பிராணிப் புகையில் காட்டுவோம். பிறகு பிள்ளை தூங்கும். அடித்துப் போட்டதுபோலத் தூங்கும். அந்தத் தூக்கம்தான் எங்களுக்கு அடையாளம். குளியல் பிடித்துக்கொண்டது, சளி இறங்குகிறது என்று அர்த்தம். சாம்பிராணி போட்டுத் தூங்கும் பிள்ளையை யாரும் எழுப்ப மாட்டோம். மோட்டார் சைக்கிளில் வருபவன்கூட இஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போவான்.

அன்று காலை. பள்ளி வேன் போய்விட்டது. மீனாவின் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. கஞ்சியைத் துப்பினாள். பேச வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. குணா சாவியைத் தேடி ஓடினார். நான் பலகைச் சுவரைத் தட்டினேன்.

"செல்வி, ஆஸ்பத்திரி போறோம். கவினத் தூக்கிட்டு வா. கார்ல இடம் இருக்கு."

அந்தப் பக்கமிருந்து கிசுகிசுப்பு.

"இப்பதான்கா கண்ணசந்தான். ராத்திரி பூரா ஒரே இருமல். சரோஜாக்கா குளிப்பாட்டிட்டுப் போனாங்க. எழுப்ப வேணாம்லா. நீங்க போங்க, நான் அந்திக்குப் போறேன்."

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். தொட்டிலில் கவின். துண்டுக்குள் முகம் மட்டும். இருமல் இல்லை. அழுகை இல்லை. தலை மட்டும் மூச்சுக்கு மூச்சு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கனவு காண்கிறான் என்று நினைத்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. அவள் பிள்ளை தேறிவிட்டான், என் பிள்ளை இப்படிக் கிடக்கிறாளே என்று.

செல்வி விரலை வாயில் வைத்துச் சைகை காட்டினாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு. மீனாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். முகத்தில் முகமூடி. மருந்து ஆவியாகச் சீறியது. விரலில் ஒரு கிளிப். மெஷின் பீப் பீப் என்றது. தாதி ஒருத்தி எண்ணைப் பார்த்தாள். முகம் மாறியது. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். நிமோனியா என்றார்கள். சளி நுரையீரலுக்குள் இறங்கி அடைத்திருக்கிறது என்றார்கள்.

டாக்டர் தமிழ்ப் பெண். என்னைவிடச் சின்ன வயது. ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல வேற பிள்ளைங்க இருக்கா? யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

"இல்ல டாக்டர். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான். அவன் பரவால்ல, தூங்குறான்."

"எத்தன மாசம்?"

"அஞ்சு."

டாக்டரின் கை நின்றது.

"பால் குடிச்சானா?"

தெரியவில்லை.

"மூச்சு வாங்குறப்போ தல ஆடுதா?"

துண்டுக்குள் ஆடிய அந்தத் தலை நினைவுக்கு வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சத்தம் போடுற பிள்ளைக்குச் சத்தம் போடவாச்சும் மூச்சு இருக்குக்கா. அமைதியா கெடக்கற பிள்ளையத்தான் நாங்க மொதல்ல பார்ப்போம். அது தூக்கம் இல்ல. களைச்சுப் போச்சு. உடனே கூப்பிடுங்க."

செல்வியை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று ஃபோனைச் சத்தமில்லாமல் போட்டிருந்தாள். குணா காரை நோக்கி ஓடினார். டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நான் சரோஜா அக்காவை அழைத்தேன். எடுத்தார்.

"அக்கா, செல்வி வீட்டுக்கு ஓடு. ஃபோன வைக்காத. ஓடு."

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டேன். கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதுகிறேன்.

அக்காவின் செருப்பு சிமெண்டில் அடிக்கும் சத்தம். அக்காவின் இளைப்பு. கதவு. கொக்கி விலகும் சத்தம். செல்வியின் கிசுகிசுப்பு, "மெதுவாக்கா, முழிச்சிருவான்."

நான் கத்தினேன். அவசரப் பிரிவே திரும்பிப் பார்த்தது.

"எழுப்பு! அவன எழுப்பு! எழுப்புங்கடி!"

தொட்டில் சங்கிலி கிறீச்சிட்டது. துண்டு உதறும் சத்தம். "கவின்." செல்வியின் குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது. "கவின் கண்ணு." கொஞ்சம் உரக்க. "கவின்." பிறகு சரோஜா அக்கா, "என்னடி வாயெல்லாம் நீலமா இருக்கு." பிறகு கன்னத்தில் தட்டும் சத்தம். தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவன் அழவில்லை. லயத்தை எழுப்புகிற அந்தச் சத்தக்காரன் அழவில்லை. நான் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, அழுடா, அழுடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை அழ வேண்டுமென்று அதுவரை நான் அவ்வளவு வேண்டிக்கொண்டதே இல்லை.

பிறகு செல்வி அலறினாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

குணாவின் காரில்தான் புறப்பட்டார்கள். ஆம்புலன்ஸ் பாதி வழியில் எதிரே வந்து அவனை ஏற்றிக்கொண்டது. உள்ளே கொண்டுபோனார்கள். திரையை இழுத்தார்கள். ஒரு பக்கத் திரைக்குப் பின்னால் என் மகள் விசிலடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த திரைக்குப் பின்னால் டாக்டர் கவினின் நெஞ்சை அழுத்தி அழுத்தி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணினார், எண்ணினார். பிறகு எண்ணவில்லை.

செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கவினைச் சுற்றியிருந்த துண்டு. சாம்பிராணி வாசம் அந்தத் தாழ்வாரம் முழுக்க இருந்தது. என்னைப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்களும் பார்த்தீங்கதானே அக்கா? தூங்குற மாதிரிதானே இருந்தான்?"

"ஆமா," என்றேன். "தூங்குற மாதிரிதான் இருந்தான்."

மீனாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். தொண்டையில் குழாய். மெஷின் அவளுக்காக மூச்சு விட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெஷினின் சத்தத்தைக் கேட்டேன். தாளம் மாறினால் எழுந்து நின்றேன். ஒரு நாள் குழாயை எடுத்தார்கள். அவள் இருமினாள். நான் சிரித்தேன். தாதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மழை வந்த பிறகுதான் பள்ளம் அணைந்தது. மனிதர் யாரும் அணைக்கவில்லை. யார் கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். எனக்குச் சரோஜா அக்கா மேல் கோபம் இல்லை. அவர் அன்பைத்தான் கரியில் போட்டார். செல்வி மேலும் இல்லை. லோரி ஓட்டி வந்தவன் மேல், ஓட்டச் சொன்னவன் மேல், படம் எடுத்துப் போனவர்கள் மேல் இருக்கிறது. அது அணையவில்லை. அணைக்கவும் மாட்டேன்.

இழந்தவற்றைச் சொல்கிறேன்.

என் மகளின் இடது நுரையீரலின் அடிப்பாகம். அது இனி விரியாது என்கிறார்கள். ஓடிப் பிடித்து விளையாடினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி.

பக்கத்து வீடு. செல்வியும் அவள் கணவனும் லூமுட்டுக்கே போய்விட்டார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது எலிச் சத்தம்தான்.

சரோஜா அக்காவின் தூபக்கால். வடிகாலில் வீசிவிட்டார். அவரைப் பிள்ளை குளிப்பாட்ட யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் வரமாட்டார். லயத்துப் பிள்ளைகளைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்.

என் மகளின் தூக்கம். நான்தான் கெடுக்கிறேன். அவள் அசையாமல் படுத்திருந்தால் தோளைப் பிடித்து உலுக்குகிறேன். "ஏம்மா?" என்று அழுகிறாள். அழுதுவிட்டால் எனக்கு நிம்மதி.

ஆள் கணக்கு: ஒருவர். பெயர் கவின். வயது ஐந்து மாதம். எங்கள் காரில் இடம் இருந்தது.