சார்ஜ் எடுக்க ஆள் வரல

— தொடாதே பாப்பா! அந்தக் கேமரா நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கு.

— அதுமேலதான் பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கீங்களேப்பா, அப்புறம் எங்கேயிருந்து பாக்கும்? லேப்டாப் மெதுவாப் போகுதுன்னுதானே போன்ல சொன்னீங்க?

— மெதுவாவா? ஒரு எழுத்தைத் தட்டிட்டுப் போய்ப் பல் விளக்கிட்டு வரலாம், அப்பதான் திரையில வருது. விசிறி வேற ஓயாமக் கத்துது. உள்ள எவனோ பூந்துட்டான். காபி குடிக்கிறியா?

— இப்பதானேப்பா குடிச்சேன். இருங்க, பின்னாடி என்னென்ன ஓடுதுன்னு பாப்போம்... ஐயோ, கொஞ்சம்கூட இடமே இல்ல. வழிஞ்சு நிக்குது. சினிமா ஏதாவது இறக்கி வச்சீங்களா?

— நானா? பவர் ஹவுஸ் கண்ட்ரோல் ரூம்ல மீட்டர் முள்ளு ஒரு மயிரிழை நகந்தாலும் கண்டுபிடிச்சவன் நான். அடுத்த ஷிப்ட் ஆளுகிட்ட ஒண்ணு விடாம சார்ஜ் ஒப்படைச்சுட்டுத்தான் நாற்காலியை விட்டே எழுந்திருப்பேன். என் மெஷின்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

— சரி சரி, வைரஸ் ஸ்கேன் போட்டுட்டேன். நீங்க குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க, எனக்குப் படபடன்னு வருது.

— எனக்கு வராதா? ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல.

— அப்பா...

— என்ன? ஏன் முகம் வெளுக்குது?

— ஒரு வேவு புரோகிராம் மாட்டியிருக்கு. அடிக்கடி திரையைப் படம் எடுக்குது. நீங்க தட்டறது, இந்த ரூம்ல பேசறது எல்லாத்தையும் சேத்து வைக்குது. அதான் இடம் ரொம்பிப் போச்சு.

— சொன்னேன்ல! கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னுதானே எல்லாரும் நினைச்சீங்க?

— ஆனா இது நெட் வழியா வரலப்பா. யாரோ இங்கேயே உக்காந்து, பாஸ்வேர்டு போட்டு ஏத்தியிருக்காங்க. தேதியைப் பாத்தா... நாங்க லீவுக்கு வந்திருந்த வாரம்.

— அப்ப மாப்பிள்ளைதான்.

— அப்பா!

— பின்ன என்ன? பாஸ்வேர்டு தெரிஞ்சது மூணு பேருக்கு. நீ ஏத்துனியா? நான் ஏத்துனேனா? 'குடுங்க மாமா, நான் பாக்கிறேன்'னு அந்த வாரம் பூரா இதை மடியிலேயே வச்சுக்கிட்டு இருந்தார். நல்லவர் மாதிரி இருந்துக்கிட்டு என்னையே வேவு பாத்திருக்கான்!

— அவர் அப்படிப்பட்டவர் இல்லப்பா.

— இனிமே அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. நீயும் யோசிச்சுக்கோ. வீட்டுக்குள்ளயே வேவு பாக்கறவன்கூட எப்படிக் குடும்பம் நடத்துவே?

— என்ன பேச்சுப்பா இது? அவரை விட்டுட்டு வரச் சொல்றீங்களா? இருங்க... இதுல முதல்முதலாப் பதிவானது ஒண்ணு இருக்கு. பேச்சுதான். ஏத்தின ஆளு வேலை செய்யுதான்னு பேசிப் பாத்திருக்கணும்.

— போடு. அவன் குரலை நீயே உன் காதால கேளு.

— வேணாம்ப்பா.

— போடும்மா!

— "ஹலோ... ஹலோ... கேக்குதா? சரி. சார்ஜ் ஒப்படைக்கிறேன், அடுத்த ஷிப்ட் ஆளு கவனிக்கணும், அதுவும் நான்தான். ரெண்டு தரம் அடுப்பை அணைக்காம வெளியே போயிட்டேன். நேத்து பக்கத்து வீட்டுக்காரர் பேரு வாயில வரல. பாப்பாகிட்ட சொல்லல, பயந்துடுவா. மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொன்னேன். யாருக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவர்தான் இதைப் போட்டுக் குடுத்தார், பாவம், கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. நான் செய்றது, பேசறது எல்லாம் இனி இதுல இருக்கும். எனக்கு எல்லாம் மறந்து போற அன்னைக்கு, இதைத் திறந்து கேளு. பயப்படாதே."

— அப்பா... இங்க வாங்க. என் பக்கத்துல உக்காருங்க.

— மாப்பிள்ளை குரல் இல்லையே இது?

— இல்லப்பா.

— நல்லாப் பழகின குரலா இருக்கே. எங்க கண்ட்ரோல் ரூம் ஆளுதான் போல. ஏம்மா அழுற? பாவம்மா அவன், எவ்வளவு நேரமா அங்கேயே உக்காந்திருக்கானோ... அவன்கிட்ட சார்ஜ் எடுக்க யாருமே வரலையா?