பெயர் சுரண்டிய செல்லோ

ஓடுகிறேன். இடுப்பில் ஆரணி. என் மகள். நாலு வயது. கையில் ஒன்றுமில்லை. இருந்த பையை எங்கோ விட்டுவிட்டேன்.

வன்னியில் வலைஞர்மடம், போரின் கடைசி நாட்கள். 2009, சித்திரை மாதம். சனிக்கிழமை. காலை ஆறு பத்து. கணவரின் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. அதனால் நேரம் தெரியும். அவர் அதற்கு ஆறு வாரத்துக்கு முன்பே இறந்துவிட்டார்.

டும். அது தூரத்தில் பீரங்கி குத்தும் சத்தம். உடனே எண்ணவேண்டும். எட்டுக்கு முன் கூவினால் ஷெல் எங்களுக்கு. எட்டுக்குப் பின் கூவினால் வேறு யாருக்கோ. ஐந்தில் கூவுகிறது.

"படுங்கோ! படுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். எனக்கு முன்னால் அக்கா ஓடிக்கொண்டிருந்தாள். புழுதி அடங்கியபோது அக்கா இல்லை.

"பங்கருக்குள்ள குதி பிள்ளை! குதி!"

குதித்தேன். யாருடையதோ பங்கர், மண்ணில் வெட்டிய பதுங்குகுழி. பனங்குற்றி அடுக்கியிருந்தது. கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகள். உள்ளே மூன்று பேர். ஒரு முதியவர். ஒரு இளைஞன். ஒரு பெண். பெண் மண்சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் ஒரு சில்வர் செம்பு. அதில் தண்ணீர். ஆரணி முதல் நாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. செம்பை எடுத்தேன். பிள்ளைக்குப் பருக்கினேன். சத்தம் ஓய்ந்ததும் செம்போடு ஏறி ஓடினேன்.

மூன்று பேரும் இறந்திருந்தார்கள்.

இப்படித்தான் பதினாறு வருடமாக எனக்குள் சொல்லிவந்தேன். கனடாவில் அகதி விசாரணையில் பங்கரைச் சொன்னேன், செம்பைச் சொல்லவில்லை. மகளிடம் செம்பைக் காட்டினேன், பங்கரைச் சொல்லவில்லை. இது என் அம்மாவின் செம்பு என்றேன்.

செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. சி. பவளராணி. எங்கள் ஆட்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள். கலியாண வீடு, செத்தவீடு என்று பாத்திரம் ஊரெல்லாம் சுற்றும். பெயர் இருந்தால்தான் உரிய வீட்டுக்குத் திரும்பி வரும். என் அம்மாவின் பெயர் பவளராணி இல்லை. ஆரணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் வகுப்புக்கு அனுப்பவில்லையா என்று சனம் கேட்டது. நேரமில்லை என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை.

இப்போது ரொறன்ரோ. வெக்ஸ்போர்ட்டில் ஆறாம் மாடி. நான் வயதானவர்களை அவர்களின் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கிறவள். செவ்வாயும் வெள்ளியும் லோறன்ஸ் பஸ் எடுத்து மேற்கே போவேன். அங்கே மிஸ்டர் லெம்கே இருக்கிறார். தொண்ணூறு வயது. ஜெர்மன்காரர். செல்லோ வாசித்தவர். செல்லோ என்றால் ஆள் உயரத்துக்குக் கிட்ட இருக்கும் வயலின். கதிரையில் உட்கார்ந்து, கால்களுக்கிடையில் பிடித்து வாசிப்பது.

முதல் நாள் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பி எடுத்தார். என்னைப் பார்த்துப் பார்த்து எழுதினார். போர் முடிந்ததும் முகாமில் இராணுவத்தினர் எங்களை எழுதினார்கள். பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், இயக்கத்தில் யார். எழுதிய பிறகு சிலரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். என் தம்பியைக் கூப்பிட்டார்கள். அதன்பின் கொப்பியோடு வருகிற யாரையும் நான் நம்புவதில்லை.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

எங்கள் பேச்சு ஆங்கிலம். அவருடையதும் நொண்டும், என்னுடையதும் நொண்டும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஐந்து பேர்" என்றேன். நாங்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாம் வாரம். வெள்ளி. காலை பத்து இருபது. அடுப்பில் அவருக்கு சூப். நான் சமையலறையில். திடீரென்று அந்தச் சத்தம். ஒரே சீராக, அடித்தொண்டையில், நிற்காமல். ம்ம்ம்ம். வன்னியில் வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். வண்டு மேலே வந்தால் அடுப்பை அணைக்கவேண்டும். புகை தெரிந்தால் பத்து நிமிடத்தில் ஷெல் வரும். அடுப்பை அணைத்தேன். மேசைக்குக் கீழே போனேன். "அடுப்பை நூருங்கோ!" என்று கத்தினேன். அந்த வீட்டில் தமிழ் தெரிந்தவர் எவருமில்லை. அது மின் அடுப்பு. புகையும் இல்லை.

அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. செல்லோவின் கடைசி நரம்பை வில்லால் சும்மா இழுத்துப் பார்த்திருக்கிறார். நடுங்கும் கைக்கு அது ஒன்றுதான் வாய்க்கிறதாம். நான் சொல்லாமலே கேட்டார்.

"விமானமா?"

இவருக்கு எப்படித் தெரியும்? அதுவும் எனக்குச் சந்தேகம்.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவர் தன் கதையைச் சொன்னார். நான் கால் கழுவுவேன், நகம் வெட்டுவேன். அவர் சொல்லுவார். ஜெர்மனியில் எல்பா ஆற்றங்கரையில் சின்ன நகரம். அப்பா போரில் செத்துப்போனார். குண்டுவீச்சில் தெரு எரிந்தது. அம்மாவும் இவரும் நிலவறையில். எட்டு வயதில் செல்லோ தொட்டார். பதினாறில் முதற் கச்சேரி. முப்பத்துமூன்றில் ரொறன்ரோ. இங்கே ஒரு பெரிய இசைக்குழுவில் பின்வரிசையில் சேர்ந்து, செல்லோக்காரர்களில் முதல் நாற்காலிக்கு வந்தார். தனிக் கச்சேரிகள். இசைத்தட்டுகள். சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே செல்லோ. கச்சேரித் தாள்களை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரே வரி. மிஸ்டர் லெம்கே தம் தாத்தாவின் செல்லோவை வாசிக்கிறார்.

நான் கணக்குப் போட்டேன். இவருடைய கதையில் தாத்தா வருவது அந்தத் தாளில் மட்டும்தான். வேறெங்கும் இல்லை. தாத்தாவின் பெயர் என்ன, என்ன தொழில் செய்தார், எங்கே செத்தார், ஒன்றுமில்லை. உண்மையான தாத்தாவுக்கு ஒரு இருமலாவது இருக்கும்.

வீட்டில் ஆரணிக்குச் சொன்னேன்.

"உந்தக் கிழவனில எனக்கு நம்பிக்கையில்லை பிள்ளை."

"அம்மா, ஹீ இஸ் நைன்ரி! நீங்கள் எல்லாரையும் சஸ்பெக்ட் பண்ணுறீங்கள். பஸ் ட்ரைவரையும்."

"பஸ் ட்ரைவர் ரெண்டு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தவன்."

ஐப்பசியில் ஒரு செவ்வாய். பதினொன்று ஐந்து. அவருடைய காதுக் கருவியின் பட்டரி கை நடுங்கி விழுந்தது. சின்ன வட்டம். செல்லோவின் வயிற்றில் வளைந்த துளை இரண்டு இருக்கும், அதில் ஒன்றுக்குள் போய்விட்டது. டிக், டிக் என்று உள்ளே உருண்டது. நான் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

பட்டரி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பலகையில் ஒரு இடம் வெள்ளையாக இருந்தது. சுரண்டியிருந்தது. குறுக்கும் நெடுக்கும் கீறல். சுரண்டலின் ஓரத்தில் மையில் ஒரு எழுத்தின் வால் மிஞ்சியிருந்தது.

அழித்த பெயர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போர் முடிந்த பிறகு, எங்கள் வீடுகளில் களவெடுத்த வன்னிப் பாத்திரங்கள் தெருவோரக் கடைகளில் குவிந்து கிடந்தன. சைக்கிள், தையல் மிசின், குடம், கதவு நிலை. குடங்களின் கழுத்தில் அரத்தால் தேய்த்த அடையாளம். எங்கள் பெயர்கள் இருந்த இடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளன் என்று நினைத்தேன். தொண்ணூறு வயதுக் கள்ளன். கள்ளனுக்குக் கால் கழுவியிருக்கிறேன்.

"உள்ளே யாருடைய பெயர் இருந்தது?"

"யாருடையதும் இல்லை. என் தாத்தாவின் செல்லோ."

நான் வாக்கியத்தை முடிக்க முன்பே பதில் வந்துவிட்டது. ஆயத்தமாக வைத்திருந்த பதில்.

அடுத்த வெள்ளி. கண்ணாடிக் கோப்பை இரண்டு அவர் கையில் உடைந்திருந்தன. செம்புக்குக் கழுத்து உண்டு, பிடிக்க வசதி. ஆரணி பல்கலைக்கழகம் போன பிறகு செம்பை என் பையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று இன்றைக்கும் தெரியாது. வேறு சாமான் வீட்டில் இல்லாமலா? தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தார். குடிக்கவில்லை. விரல் நின்றுவிட்டது. எண்பது வருடம் நரம்பு அழுத்திய விரல். புள்ளிகளைத் தடவினார். ஒரு முறை. திரும்பவும் ஒரு முறை.

"இது என்ன எழுத்து?"

"என் அம்மாவின் பெயர்."

அவர் வாக்கியத்தை முடிக்க முன்பே சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். களவு பிடிக்கிறவள் முழித்துக்கொண்டு நிற்கிறேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணால் நீர் வந்தது.

அவர்தான் முதலில் சொன்னார்.

ஜெர்மனியில் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பெண் இருந்தார். யூதப் பெண். அடெலா வைஸ். செல்லோ சொல்லிக்கொடுப்பவர். இவருக்கு ஏழு வயது. ஒருநாள் அதிகாலை கீழே லொறி வந்து நின்றது. அடெலா படியால் இறங்கி வந்தார். செல்லோவை இவருடைய அம்மாவின் கையில் கொடுத்தார். திரும்பி வரும்வரை வைத்திருங்கள் என்றார். போர் முடிந்தது. இவருக்குப் பன்னிரண்டு வயதானபோது கடிதம் வந்தது. அடெலாவின் கையெழுத்து. உயிரோடு இருக்கிறேன். செல்லோ பத்திரமா? அவ்வளவுதான் கடிதம். அம்மா அதை அடுப்பில் போட்டார். பின்னல் ஊசி ஒன்றை வளைத்துத் துளைக்குள் விட்டு, உள்ளே இருந்த அடெலாவின் பெயரை ஒரு மத்தியானம் முழுவதும் சுரண்டினார். மகனைத் துளைக்கு மேலே விளக்குப் பிடிக்கச் சொன்னார்.

"நான் பிடித்தேன்" என்றார் மிஸ்டர் லெம்கே. "கடிதத்தையும் வாசித்திருந்தேன். அதற்குப் பிறகு எழுபது வருடம் வாசித்தேன். செல்லோவை."

கொப்பியைப் பற்றியும் கேட்டேன். தந்தார். என் பெயர் இருந்தது. நான் வரும் கிழமைகள் இருந்தன. மறந்துபோகிறதாம். அடியில் ஒரு வரி: வீட்டில் ஐந்து பேர், இனிப்பு ஐந்து வாங்கவேண்டும். கிறிஸ்துமசுக்கு.

இப்போது என் முறை. இதை எழுதவே இவ்வளவும் எழுதினேன்.

அந்தப் பங்கரில் முதியவர் இறந்திருந்தார். இளைஞன் இறந்திருந்தான். பெண்ணின் வயிற்றில் சேலை நனைந்து கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது. கை செம்பின் கழுத்தைப் பிடித்திருந்தது. நான் இழுத்தேன். வரவில்லை. திரும்ப இழுத்தேன். விரல்கள் இறுகின. செத்தவரின் விரல் இறுகாது. ஒவ்வொரு விரலாக விலக்கினேன். சூடாக இருந்தன. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, அல்லது ஷெல் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்னை அந்த இடத்தில் நம்பவேண்டாம். ஒரு வாய் தண்ணீர் அவருக்கும் விட்டிருக்கலாம். விடவில்லை. பிள்ளை குடிக்கக் குடிக்க நான் செம்பைச் சரித்துக்கொண்டே இருந்தேன்.

மிஸ்டர் லெம்கேயிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நன்றி. அடெலா வைஸ் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதினார். நடுங்கி நடுங்கி நாலு தாள் பழுதாகியது. ஐந்தாவதை நான் பின்னல் ஊசி முனையில் வைத்து, பசை தடவி, சுரண்டிய இடத்தில் உள்ளே ஒட்டினேன். அவர் வெளிச்சம் பிடித்தார். அந்த நகரசபைக்குக் கடிதமும் எழுதினோம். அடெலா வைஸின் குடும்பத்தில் யாராவது இருந்தால் செல்லோ இங்கே இருக்கிறது என்று. இன்னும் பதில் இல்லை.

ஞாயிறு. மத்தியானம் ஒன்றரை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் சாப்பாட்டு மேசை. செம்பை நடுவில் வைத்தேன். ஆரணிக்கு இருபது வயது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒருமுறையும் ஆங்கிலம் பேசவில்லை.

"அவ உயிரோட இருந்தவவோ அம்மா?"

"ஓம்."

"அந்தத் தண்ணியை நான் குடிச்சனானோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவள் செம்பைத் தொட்டாள். புள்ளிகளில் விரலை வைத்தாள். முதல் எழுத்து என்ன என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

இழந்தவை. கிளிநொச்சியில் ஒரு கல்வீடு, கதவு நிலைகளோடு. ஒரு தையல் மிசின். இரண்டு மாடு. பெயர் வெட்டிய பாத்திரங்கள், பெரியதும் சின்னதுமாக இருபத்தொன்று. அவை யாருடைய வீட்டில் இருக்கின்றன என்று தெரியாது.

இழந்தவர்கள். என் கணவர் குணராசா, பங்குனியில், மருந்து எடுக்கப் போன இடத்தில். என் அக்கா தவமணி, சித்திரையில், எனக்கு முன்னால் ஓடும்போது. என் தம்பி ரவி, பெயர் பதிந்து கூப்பிட்டார்கள், போனான். இறந்தான் என்று எழுத எவரிடமும் சான்று இல்லை. பங்கரில் ஒரு முதியவர், ஒரு இளைஞன். பெயர் தெரியாது.

சி. பவளராணி. வயது முப்பது இருக்கலாம். இறந்தவர் கணக்கில் அவரை நான் சேர்க்கமாட்டேன். நான் ஏறி ஓடும்போது அவர் இறந்திருக்கவில்லை. செம்பு என்னிடம் இருக்கிறது. பெயர் அழியவில்லை.