இரண்டு முறை கட்டிய பெட்டிகள்

தட்டுகளைப் பெட்டியில் படுக்க வைக்கக் கூடாது, மேடம். நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் மேலே இருக்கிற பாரமெல்லாம் அடித்தட்டில் இறங்கி, லாரி ஒரு பள்ளத்தில் விழுந்ததும் விரிசல் விட்டுவிடும். நிறுத்தி வைத்து நடுநடுவே பழைய புடவைத் துணியைச் செருகிவிட்டால், ஓசூர் ரோடு முழுக்கக் குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் பல வருஷம் இருந்தவள் நான். நான் கட்டிய பெட்டி எதுவும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீடு மாறுகிற அவசரத்தில் கோமளத்துக்குக் கை தவறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் உங்களிடம் அழுது சொல்லியிருப்பார். எனக்குக் கை தவறாது.

இறந்துபோன சரசு, என் வீட்டுக்காரர் இராஜமாணிக்கத்தின் அக்கா. புருஷன் போன பிறகு கிருஷ்ணகிரியிலிருந்து எங்களோடு வந்து தங்கினார். அப்போது என் தாலிக்கயிற்றில் மஞ்சள் கூட வெளுக்கவில்லை. கொஞ்ச நாள் இருப்பார் என்றார்கள். இருந்தார், இருந்தார், இருந்துகொண்டே இருந்தார். அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த வீட்டில் சண்டைச் சத்தமே கேட்டதில்லை என்பார்கள்.

ஆனால் எனக்கு அவரைப் பிடிக்காது. அதை இனி மறைக்க அவசியமில்லை. நான் சாம்பாரை இறக்கி வைத்ததும் வருவார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்சம் கல் உப்பு போட்டுக் கலக்கிவிட்டுப் போவார். உப்பு சரியாக இருந்தாலும் போடுவார். அவருக்கு வீசிங் உண்டு. காற்று வேண்டும் என்று எங்கள் அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, நேர் எதிரே கூடத்தில் படுத்துக்கொள்வார். புதிதாகக் கல்யாணமானவள் அந்தத் திறந்த கதவோடு எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று அவரும் யோசிக்கவில்லை, அவர் தம்பியும் யோசிக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அண்ணி கோயில் கோயிலாகப் போய் எனக்கு வேண்டிக்கொண்டு வந்தார். திருநீற்றை என் நெற்றியில் அவரே பூசிவிடுவார்.

போன மாதம் அத்திபெலேயில் சொந்தமாக வீடு அமைந்தது. சின்ன வீடுதான், இரண்டாவது மாடி. ஆனால் சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. அந்த ஜன்னலுக்கு முன்னால் நான் ஒருத்தி மட்டும் நின்று சமைக்க வேண்டும் என்று நினைத்தேன். இது என்ன பெரிய ஆசையா, சொல்லுங்கள். சாவி கைக்கு வந்த அன்று என் வீட்டுக்காரர் அதை நேராகக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்துக் காலில் விழுந்தார்.

"புது வீட்ல நீதான்க்கா பால் காய்ச்சணும். என்னை வளத்த கை அது," என்றார்.

"யார் காய்ச்சினா என்னடா, பொங்கினா சரி," என்று அண்ணி சொன்னார். சொன்னவர் மறுநாளே கடைக்குப் போய்ப் பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் வாங்கி வந்தார். அதைத் துடைத்துத் துடைத்து வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவர் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

எப்படி என்பது அப்போது தெரியாது. சாமான் கட்ட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வீட்டைக் கலைத்துக் கட்டும்போது, எது இல்லாமல் யாரால் இருக்க முடியாது என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஆட்கள் புது வீட்டில் பால் பொங்காமல் சாமான் ஏற்ற மாட்டார்கள். முதலில் சாமி படம், ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள் இவற்றோடு போய்ப் பால் காய்ச்ச வேண்டும். அதன் பிறகுதான் லாரி. அதுவரை கட்டிய பெட்டிகளோடு பழைய வீட்டில் யாராவது காவல் இருக்க வேண்டும். புருஷனை இழந்தவர் பால் காய்ச்சலாமா என்பது இன்னொரு விஷயம். அதை நான் வாயால் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக் காந்தா பூக் கட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணி காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள்போல் அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"அய்யய்யோ, என்னா கோமளா நீ?" என்றாள் காந்தா. "தாலி அறுத்தவங்க கையால பால் காய்ச்சினா குடும்பம் வெளங்குமா? நம்ம மனசுக்குத்தான்னே வச்சுக்க, ஆனா எதுக்கு ரிஸ்க்கு?"

அன்று சாயங்காலம் அண்ணி தன் தம்பியிடம், "நான் சாமானோட இங்கயே இருக்கேன்டா மாணிக்கம். நீங்க ரெண்டு பேரும் போயி நல்லபடியா காய்ச்சிட்டு வாங்க," என்றார்.

"அதெல்லாம் முடியாதுக்கா. எந்தக் காலத்துல இருக்கே நீ?"

"காலம் கெடக்கட்டும். என்னால உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்டா."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா மனம் மாறிவிடுவார் என்று எதிர்பார்த்தார். "அண்ணி மனசுக்குப் பட்டதைச் செய்யட்டுங்க, வற்புறுத்தாதீங்க," என்றேன். அண்ணி என்னை நன்றியோடு பார்த்தார்.

பால் காய்ச்சிய அன்று காலையில் நடந்ததைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பரணில் கிடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையை இறக்கிக் கூடத்தில் போட்டுத் தட்டினேன். கட்டுமுன் தூசி போக வேண்டும் அல்லவா. சாமான் இருக்கிற வீடு என்பதால் ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டேன். அண்ணியின் போனை நான் பிடுங்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் வழி கேட்டு அவருக்குத்தான் கூப்பிடுவார்கள். "நீயே வச்சுக்க கோமளா, வர்றவங்களுக்கு வழி சொல்லு," என்று அவராகவே கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டேன்.

மூச்சுக்கு அடிக்கிற பம்பைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். இன்னொன்று தீர்ந்துபோயிருந்தது. வாங்கி வருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் படுக்கையைச் சுருட்டிக் கட்டினேன். தலையணையோடு பம்பும் தெரியாமல் கட்டுக்குள் போய்விட்டது என்று முதல் நாள் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அது பொய். படுக்கைக் கட்டுக்குள் வைத்தால் முதலில் அங்கேதான் பிரித்துப் பார்ப்பார். குக்கருக்குள் பம்பை வைத்து மூடியை இறுக்கினேன். குக்கரைப் பெரிய குண்டானுக்குள் இறக்கி, சுற்றிலும் துணியை அடைத்து, பெட்டியில் வைத்து டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். பாத்திரத்தின் உள்ளே இருக்கிற இடத்தை வீணாக்கக் கூடாது. பெட்டிக்கு மேலே எதையும் எழுதி வைக்கும் பழக்கமும் எனக்கு இல்லை. எதில் என்ன இருக்கிறது என்பது நினைவில் இருக்கும்.

கிளம்பும்போது அண்ணி பம்பைத் தேடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் திருஷ்டி கழிக்கிற மும்முரத்தில் இருந்தார். கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். கேட்காத ஒன்றை நான் எப்படிக் கொடுப்பது? "சும்மாதானே இருக்கப் போறீங்க, பரணை மட்டும் தூத்திடுங்க அண்ணி. வீட்டு ஓனர் வந்து பாத்தா ஏதாச்சும் சொல்லுவாங்க," என்று மட்டும் சொன்னேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உடனே துடைப்பத்தை எடுத்துவிட்டார். சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் சாமி படத்தோடு முன்னால் இறங்கிப் போய்விட்டார். நான் கதவை வெளியே பூட்டினேன். தனியாக இருக்கிற பொம்பளை, நாலு பேர் ஏறி இறங்குகிற மாடிப்படி. கீழே மஞ்சுநாத் தன் லேத் பட்டறையைத் திறந்து மெஷினை ஓட விட்டிருந்தார். அது ஓடும்போது மேலே உரலில் இடித்தாலும் கீழே கேட்காது. என்னைப் பார்த்து, "ஒள்ளேதாகலி ஆன்ட்டி," நல்லது நடக்கட்டும் என்று கன்னடத்தில் வாழ்த்தினார். நானும் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

புது வீட்டில் அடுப்பைச் சின்னதாகத்தான் வைத்தேன். பால் நிதானமாக எழும்பிக் கிழக்குப் பக்கம் பார்த்து வழிந்தது. நல்ல சகுனம் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பந்தி நடக்கும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "காந்தாவுக்குப் போன் போட்டு அக்காகிட்டக் குடுக்கச் சொல்லேன், சாப்ட்டாளோ என்னவோ," என்றார். சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்து, "பேசிட்டேங்க. நல்லாருக்காங்களாம். கேசரி மறக்காம எடுத்துட்டு வரச் சொன்னாங்க," என்றேன். அவர் சிரித்துவிட்டார். அக்காவுக்கு இனிப்பு என்றால் உயிர் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும், "நீ போயி லாரியில சாமானை ஏத்திவிட்டு, அக்காவைக் கையோட கூட்டிட்டு வந்துடு," என்றார். ஆட்டோ பிடித்துக் கொடுக்கிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வந்தேன். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டுவதற்குள் கேசரி ஆறிவிட்டது.

சரசுவின் நகங்களுக்குள் டேப்பின் பசை இருக்கிறது, ஆனால் பெட்டிகள் எல்லாம் ஒட்டியபடியே இருந்தன, அது எப்படி என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான். என் வீட்டுக்காரருக்குத் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நான் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது பெட்டிகள் பிரிந்து கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை. கத்தரிக்கோல், கத்தி எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால் டேப்பை நகத்தால் கீறியும் பல்லால் கடித்தும் இழுத்திருக்கிறார். துணிமணி ஒரு பக்கம், டம்ளர்கள் ஒரு பக்கம், பருப்பு டப்பா மூடி திறந்து துவரம்பருப்பு கூடம் முழுக்க. நான் நிறுத்தி வைத்திருந்த தட்டுகளைக்கூட வெளியே எடுத்துப் போட்டிருந்தார். எத்தனை நாள் உட்கார்ந்து கட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. ஆனால் கோபத்தில் எதையும் செய்துவிடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி சுவர் ஓரமாக ஒரு பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் பரண் தூசி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. ஆமாம், உயிரோடுதான் இருந்தார். நான் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னதும் பொய்தான். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பம்பு அடிக்கிற மாதிரி காட்டினார்.

"எதுல... எதுல வச்சே..." அவ்வளவுதான் பேச முடிந்தது.

"இருங்க அண்ணி, தேடித் தரேன்," என்றேன்.

கேசரி டப்பாவை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுத் தேட உட்கார்ந்தேன். வாசல் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பொருளையும் எடுத்து உதறிப் பார்த்து, திருப்பி அடுக்கி, துணி செருகி, மூடி, டேப் ஒட்டினேன். பிறகு அடுத்த பெட்டி. லாரி வருவதற்குள் முடித்தாக வேண்டும். சிந்திய பருப்பைக்கூடக் கூட்டி அள்ளிப் புடைத்து டப்பாவில் போட்டேன். அவர் பிரிக்காமல் விட்டது ஒரே ஒரு பெட்டி. அதில்தான் அவர் சாய்ந்திருந்தார். அதைப் பிரிக்கக் கையில் தெம்பில்லாமல் சாய்ந்துவிட்டிருக்க வேண்டும். குக்கர் அதில்தான் இருந்தது, அது எனக்குத் தெரியும். கையை நீட்டியிருந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றுதான் தேடினேன்.

அவருக்கு அது தெரியவில்லை. நான் ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கும்போதும் அவர் கண் என் கையோடு வந்துகொண்டிருந்தது. உப்பு பார்க்க வருகிறவரின் பார்வை இல்லை அது. கோமளா எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று முழுசாக நம்பிக் காத்திருந்தார். அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக என்னை யாரும் அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை. அதனால்தான் நான் அவசரப்படவில்லை, மேடம்.