கான்ட்ராக்டரின் கட்டில் நனைந்த விவரம்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு, எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். ஏட்டையா எழுதித் தருவதாகச் சொன்னார், நான்தான் விடவில்லை. இந்த வயதில் கற்றுக்கொண்ட எழுத்து, இதற்கு உதவட்டும்.

அழைக்கும் பெயர் வாளித் தாத்தா. வயது எழுபதுக்கு மேல். தண்டனைக் கைதி. இருப்பிடம் சிறை மருத்துவமனையில் கழிவறையை ஒட்டிய அறை. வேலை வார்டு கழுவுவது.

வசதியுள்ள கைதிக்குக் கட்டில், நோயாளிக்கு வராந்தா என்பது கம்பவுண்டர் வைத்த வழக்கம். குத்துக்கல் மாதிரி இருந்த கான்ட்ராக்டர் சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். ஆஸ்துமாக்காரரான தையல்காரர் வராந்தாவில் கிடந்தார். நீதிபதி பார்வையிட வருவதாகத் தெரிந்ததும் கம்பவுண்டர், கான்ட்ராக்டரின் கையில் குளுக்கோஸ் குழாயை ஊசியில்லாமல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மருத்துவமனையில் இருந்த ஒரே ஆக்ஸிஜன் சிலிண்டரையும் அவர் தலைமாட்டில் அலங்காரமாக நிறுத்தினார். அதன் பிறகு தையல்காரருக்கு மூச்சு முட்டியது. நான் ஓடிப்போய் சிலிண்டரைக் கேட்டேன்.

"ஜட்ஜ் வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு தாத்தா" என்றார் கம்பவுண்டர். கான்ட்ராக்டர் சிரித்தார்.

தையல்காரர் என் சட்டையைப் பிடித்தபடி இறந்தார். அவர் விரல்களைப் பிரிக்க நேரமாயிற்று.

அதன் பிறகு உடலைத் துணி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொள்ள என்னைக் கான்ட்ராக்டர் அருகே நிறுத்தினார்கள். நீதிபதி வாசலுக்கு வந்ததும் குழாயின் திருகை முழுவதும் திறந்துவிட்டேன். தெரிந்தேதான் திறந்தேன். தண்ணீர் அவர் தொடையில் இறங்கி, மெத்தையை நனைத்து, தரையில் வழிந்தது.

"பாவம், படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டார் போல. யாராவது துணி மாத்திவிடுங்க" என்றார் நீதிபதி. பக்கத்துக் கட்டில் போர்வைகள் சிரிப்பில் குலுங்கின.

கான்ட்ராக்டர் மானஸ்தர். துள்ளி எழுந்தார். "நான் ஒண்ணுக்குப் போகலீங்க ஐயா. இது குளுக்கோஸ். ஊசியே குத்தல, பாருங்க" என்று பிளாஸ்திரியைத் தானே பிய்த்துக் காட்டினார்.

"அப்போ இந்த சிலிண்டர் யாருக்கு?" என்று நீதிபதி கேட்டார். நான் துணி அறையைக் காட்டினேன்.

தையல்காரரே சிகிச்சையை மறுத்ததாகக் கம்பவுண்டர் தங்களிடம் சொல்லியிருப்பது பொய். நேற்று என்னிடம் வந்து, "நீங்களும் அப்படியே சொல்லிடுங்க தாத்தா. அந்தச் சன்னல் கட்டில் இனி உங்களுக்குத்தான்" என்றார். முதல்முறையாக எனக்கு மரியாதை கொடுத்தார். தலையாட்டி வைத்தேன். நிம்மதியாகப் போனார்.

மேலே உள்ளவை நான் கண்டதும் செய்ததும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டிருக்கிறேன். கம்பவுண்டரின் மருந்து அலமாரியில் நடப்பதையும் அடுத்த வாரம் எழுதித் தருவேன். இதைக் கம்பவுண்டருக்கு வாசித்துக் காட்டும்போது மெதுவாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) வாளித் தாத்தா