புங்க எண்ணெய் எஞ்சின்

புங்க எண்ணெய் கலந்து ஓட்டினால் எஞ்சின் புகையில் பலகாரம் சுடுகிற வாசனை வரும், ஐயா. எனக்கு அது பிடித்திருந்தது. டீசலுக்காகக் கயத்தாறு பங்க்கில் ஊரே தகர டின்னோடு வரிசையில் நின்ற வருஷம் அது. நான் ஓடைக்கரையில் புங்கங்காய் பொறுக்கி, செக்கில் ஆட்டி, வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். எஞ்சின் ஓடியது. பார்த்தவர்கள் என்னை இன்ஜினியர் என்றார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிணறும் எஞ்சினும் எனக்கும் சித்தப்பா மகன் பிச்சையாவுக்கும் பொது. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. தண்ணீர் கீழே போய்விட்டதால் கிணற்றுக்குள்ளேயே மேடை வெட்டி எஞ்சினை இறக்கியிருந்தோம். அவனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். நிறுத்துவதற்கு முன்னால் கலவையை அடைத்துவிட்டுச் சுத்த டீசலில் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் உள்ளே பிசினாக இறுகிவிடும். தலையாட்டுவான். டீக்கடையில் போய், "எங்க அண்ணாச்சி எஞ்சின்ல வடை சுடுதாவ" என்பான். நான் கோபப்படவில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று என் முறை. மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. அன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அந்த வருஷமே போச்சு. முதலில் டீசலில் சுற்றியதும் பிடித்த எஞ்சின், கலவைக்கு மாற்றியதும் இருமி நின்றுவிட்டது. மேலே மடை பார்த்து நின்ற பிச்சையாவைக் கீழே வரச் சொன்னேன். நேற்று டீசலில் ஓட்டாமல் நிறுத்தினாயா என்று அமைதியாகத்தான் கேட்டேன்.

"ஓட்டிட்டுத்தான் நிறுத்துனேன். பிசின் இறுகியிருந்தா பிடிச்சே இருக்காதுல்லா? ஒங்க எண்ணெயிலதான் சக்கை கெடக்கு, அண்ணாச்சி."

கையில் எஞ்சின் சுற்றுகிற ஹேண்டில் இருந்தது. அதைக் கொண்டே அடித்தேன். மண்டையில் பட்டு மேடையிலேயே விழுந்தான். ரத்தம் எஞ்சின் காலடிவரை ஓடியது. அவனைத் தூக்கிக்கொண்டு மேலே போகத்தான் நினைத்தேன், ஐயா. அதற்குள் கை கலவைக் குழாயின் பில்டரைக் கழற்றிவிட்டது. உள்ளே புங்கஞ்சக்கை கெட்டியாக அடைத்திருந்தது. எண்ணெய் வடிகட்டுகிற வேட்டி கிழிந்திருந்ததைக் காலையிலேயே பார்த்தேன். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தேன்.

திரும்பினால், பிச்சையா கண்ணைத் திறந்து என் உள்ளங்கையில் இருந்த சக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணி" என்றான். ஆனால் பார்த்துவிட்டான். மேலே போனால் டீக்கடைக்குப் போவான்.

அடுத்த அடிகளை எண்ணவில்லை. முகம் அடையாளம் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பிறகு பில்டரைக் கழுவி மாட்டினேன். ஹேண்டில் வழுக்கியது, துடைத்துவிட்டுச் சுற்றினேன். தண்ணீர் வந்தது.

வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் பெண்சாதி ஆவுடைத்தாய் கஞ்சி கொண்டுவந்தாள். "அவிய எங்க?" என்றாள். கீழே எஞ்சின் பக்கத்தில் இருக்கிறான் என்றேன். அதில் பொய் இல்லை. அவனுக்குள்ள கஞ்சியையும் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசிப் பாத்தி நனைந்ததும் கிணற்றுக்குள் இறங்கினேன். அவனைத் தாண்டிப் போய், கலவையை அடைத்து, சுத்த டீசலில் கொஞ்ச நேரம் ஓட விட்டுத்தான் நிறுத்தினேன்.

வேண்டுமானால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பிசின் ஒரு சொட்டு இருக்காது. என் எண்ணெயில் எந்தக் குற்றமும் இல்லை, ஐயா.